வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? கலிபோர்னிய நகரங்களின் வீட்டு உரிமையாளர் கட்டணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்திலும் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழர்கள் பலர். பணம் சேர்ந்ததும் இரண்டு அல்லது நான்கு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தை வாங்கி வாடகைக்கு விட்டவர்களும் அவர்களுக்குள் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நடத்தும் நகர அலுவலகத்துக்கு, அதாவது வாடகை வாரியத்துக்கு, கட்டும் கட்டணம் பற்றி இரு தரப்பினருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பேச்சு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சில் வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தொகைகளை நகரங்கள் அவ்வப்போது மாற்றியமைக்கின்றன என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தக் கட்டணம் என்பது என்ன?

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் அதன் உரிமையாளர் ஆண்டுதோறும் நகரத்துக்குச் செலுத்தும் தொகை இது. கட்டடத்தின் மதிப்பைப் பார்த்தோ வாங்கும் வாடகையைப் பார்த்தோ இது கணக்கிடப்படுவதில்லை. வீடுகளின் எண்ணிக்கைதான் கணக்கு. எட்டு வீடுகள் கொண்ட கட்டடத்துக்கு எட்டுக் கட்டணங்கள். பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இது பதிவுக் கட்டணம் எனப்படுகிறது, சான் பிரான்சிஸ்கோவில் வாடகை வாரியக் கட்டணம், ஓக்லண்டில் திட்டக் கட்டணம். பெயர் எதுவானாலும், வாடகைச் சட்டத்தை நடத்தும் அலுவலகத்தின் சம்பளமும் செலவும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

அந்த அலுவலகம் இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது?

உரிமையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான், அது நியாயமான கேள்வியும்கூட. வெளியிலிருந்து பார்த்தால், ஆண்டுக்கு ஒரு முறை வாடகையை இத்தனை சதவீதம் உயர்த்தலாம் என்று அறிவிப்பதோடு வேலை முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். அந்த அறிவிப்பு உண்மையில் வேலையின் மிகச் சிறிய பகுதி.

பெர்க்லியை எடுத்துக்கொள்வோம். அங்கே உள்ள வாடகைச் சட்டம் 1980 ஜூன் மாதம் வாக்காளர்கள் நிறைவேற்றியது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது ஆணையர்கள் வாரியத்தை நடத்துகிறார்கள். சட்டத்தின் முழுப் பாதுகாப்பின் கீழ் ஏறத்தாழ 19,000 வீடுகள் உள்ளன. அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சட்டப்படி வாங்கக்கூடிய உச்ச வாடகை எவ்வளவு என்பதை வாரியம் பதிவேட்டில் வைத்திருக்கிறது. குடியிருப்பவர் காலி செய்து புதியவர் வரும்போது அந்தப் பதிவு மாற வேண்டும். 1995ஆம் ஆண்டின் கோஸ்டா-ஹாக்கின்ஸ் என்ற மாநிலச் சட்டம், வீடு காலியானால் அடுத்தவருக்குச் சந்தை வாடகையில் விட உரிமையாளருக்கு இடம் தருகிறது. எனவே பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு வந்து போகும் பெர்க்லி போன்ற ஊரில் பதிவேட்டு வேலை ஓய்வதே இல்லை.

வழக்குகள் வேறு இருக்கின்றன. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வெப்பமூட்டி ஓடவில்லை, கூரை ஒழுகுகிறது என்று குடியிருப்பவர் வாடகைக் குறைப்புக்கு மனுக் கொடுக்கலாம். கட்டடத்துக்குப் புது அடித்தளம் போட்டேன், செலவில் ஒரு பங்கை வாடகையில் சேர்க்க வேண்டும் என்று உரிமையாளரும் மனுக் கொடுக்கலாம். இரு தரப்பையும் உட்காரவைத்து, ரசீதுகளைப் பார்த்து, சாட்சியம் கேட்டு, எழுத்தில் தீர்ப்புத் தர ஒரு விசாரணை அலுவலர் தேவை. அவருக்கு முன்பாக, ஒருவர் தொலைபேசியில் அழைத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆலோசகர் தேவை. அதே ஆலோசகரைத்தான், எவ்வளவு உயர்த்தலாம் என்று கேட்டு உரிமையாளர்களும் அழைக்கிறார்கள். கட்டணம் வாடகைதாரருக்காக மட்டுமே செலவாகிறது என்பது சரியான கணக்கன்று.

இதை ஏன் நகராட்சியின் பொது நிதியிலிருந்தே கொடுக்கக் கூடாது?

கொடுக்கலாம், சட்டத்தில் தடை ஏதும் இல்லை. ஆனால் கலிபோர்னியாவில் இந்தக் கேள்விக்கு 1978இலேயே பாதி விடை எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் நிறுத்தியது. சொத்து கைமாறாதவரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. நகரங்களின் வருமானம் சுருங்கியது. வரி குறைந்தும் உரிமையாளர்கள் வாடகையைக் குறைக்கவில்லையே என்ற கோபத்தில்தான் சான்டா மோனிக்கா, லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நகரங்களும் 1979ஆம் ஆண்டு ஒன்றிலேயே வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. ஆக, வாடகைச் சட்டங்களைப் பெற்றெடுத்த அதே முன்மொழிவு, அவற்றை நடத்தப் பொது நிதியில் பணம் இல்லாமலும் செய்துவிட்டது.

இன்னொரு காரணம் அரசியல். பொது நிதியை நம்பியிருக்கும் அலுவலகத்தை மூட ஒருவரும் சட்டத்தை ரத்துசெய்ய வேண்டியதில்லை. நிதிநிலை அறிக்கையில் இரண்டு விசாரணை அலுவலர் பணியிடங்களை நிரப்பாமல் விட்டாலே மனுக்கள் தேங்கிவிடும், சட்டம் ஏட்டில் இருக்கும். பெர்க்லி, சான்டா மோனிக்கா போன்ற இடங்களில் சட்டத்தை வரைந்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து, வாரியத்துக்குத் தனி வருமானத்தையும் அதைச் செலவிடும் அதிகாரத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டின் உயிர் உச்சவரம்புச் சதவீதத்தில் இருப்பதைவிட இந்தக் கட்டணப் பிரிவில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு நகரத்தில் 40 டாலர்கூட இல்லை, இன்னொன்றில் 200 டாலருக்கு மேல். ஏன் இந்த வித்தியாசம்?

லாஸ் ஏஞ்சலிஸில் வாடகைச் சட்டத்துக்கான கட்டணம் வீட்டுக்கு 38.75 டாலர் என்று இருந்தது. சான்டா மோனிக்காவில் 228 டாலர். ஓக்லண்டில் 101 டாலர். சான் பிரான்சிஸ்கோவில் 59 டாலர். பெர்க்லியில் சில ஆண்டுகள் 250 டாலராக இருந்த கட்டணம் பின்னர் 300 டாலரைத் தாண்டியது.

முதல் காரணம் எண்ணிக்கை. லாஸ் ஏஞ்சலிஸில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒரு கணினி அமைப்பின் செலவை 6 லட்சத்தால் வகுப்பதும் 19,000ஆல் வகுப்பதும் ஒன்றாகாது. பெர்க்லிக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்: 19,000 வீடுகள், வீட்டுக்கு 250 டாலர் என்றால் வருவது 47.5 லட்சம் டாலர். வழக்கறிஞர்கள், விசாரணை அலுவலர்கள், ஆலோசகர்கள், பதிவேட்டு ஊழியர்கள் என்று ஓர் அலுவலகத்தை வளைகுடாப் பகுதிச் சம்பளத்தில் நடத்த இது பெரும் செல்வமன்று.

இரண்டாவது காரணம் வேலையின் ஆழம். லாஸ் ஏஞ்சலிஸில் நகரத்தின் வீட்டுவசதித் துறை இதை மற்ற வேலைகளோடு சேர்த்துச் செய்கிறது. சான்டா மோனிக்காவும் பெர்க்லியும் தேர்ந்தெடுக்கப்பட்ட தனி வாரியங்களை வைத்து, வீடு வீடாக உச்ச வாடகையைப் பதிந்து நடத்துகின்றன. குறைந்த கட்டணம் உள்ள நகரம் சிக்கனமானது என்றோ, கூடுதல் கட்டணம் உள்ளது ஊதாரி என்றோ இந்த எண்களை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

பெயர்தான் கட்டணம், உண்மையில் இது வரிதானே?

நீதிமன்றங்கள் பல முறை எதிர்கொண்ட கேள்வி இது. இந்த வேறுபாட்டில்தான் எல்லாமே தொங்குகிறது: 13ஆம் முன்மொழிவின்படி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக விதிக்கும் சிறப்பு வரிக்கு வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும், ஒழுங்குமுறைக் கட்டணத்துக்கு அது தேவையில்லை.

சான் ஹோசே நகரம் தன் வாடகைச் சட்டத்துக்காக வீட்டுக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் விதித்தபோது, உரிமையாளர்கள் அதைச் சிறப்பு வரி என்று வாதிட்டார்கள். பென்னல் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1986இல், திட்டத்தை நடத்தும் நியாயமான செலவை மிஞ்சாமலும் வேறு பொது வருமானத்துக்குப் பயன்படாமலும் இருக்கும்வரை அது கட்டணமே என்று தீர்ப்பளித்தது. (அதே வழக்கு 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. ஆனால் அங்கே பேசப்பட்டது வாடகைதாரரின் பொருளாதாரக் கஷ்டத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்பது. அது வேறு கதை.) பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வாடகை வீடுகளை ஆய்வு செய்வதற்காக வீட்டுக்கு ஆண்டுக்கு 12 டாலர் வாங்கியதை எதிர்த்த வழக்கில், அந்தக் கட்டணம் சொத்தை வைத்திருப்பதற்காக அல்ல, அதை வாடகைக்கு விடும் தொழிலுக்காகவே விதிக்கப்படுகிறது என்று 2001இல் அதே மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தக் கோடு நுட்பமானது, ஆனால் முக்கியமானது. வீட்டில் நீங்களே குடியிருந்தால் கட்டணம் எழாது; வாடகைக்கு விட்ட நாளிலிருந்துதான் எழுகிறது.

2010இல் வந்த 26ஆம் முன்மொழிவு பிடியை மேலும் இறுக்கியது. அதன்படி எந்த வசூலும் வரி என்றே முதலில் கொள்ளப்படும்; வரியல்ல என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. தொகை நியாயமான செலவுக்கு மேல் போகவில்லை என்பதையும், அந்தச் செலவைப் பங்கிட்ட விதம் கட்டுபவரின் சுமைக்கோ பயனுக்கோ பொருந்துகிறது என்பதையும் நகரமே நிரூபிக்க வேண்டும். அதனால்தான் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் நகரங்கள் தடிமனான செலவு ஆய்வு அறிக்கைகளைத் தயாரிக்கின்றன. அந்த அறிக்கைகளைப் படிப்பது தூக்கம் வராதவர்களுக்கு நல்ல மருந்து. என்றாலும் கட்டணத்தை எதிர்த்துப் பேச விரும்பும் உரிமையாளர் முதலில் திறக்க வேண்டியது அவற்றைத்தான்.

உண்மையான வரி எப்படி இருக்கும் என்பதற்குப் பெர்க்லியிலேயே உதாரணம் உண்டு. 2016 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய யு1 என்ற நடவடிக்கை, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளை வாடகைக்கு விடுவோரின் தொழில் உரிம வரியை 1.081 சதவீதத்திலிருந்து 2.88 சதவீதமாக உயர்த்தியது. அது வாடகை வருமானத்தின் மீது விழுகிறது, நகரத்தின் பொது நிதிக்குப் போகிறது. அதற்கும் வாடகை வாரியத்தின் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டையும் கட்டும் உரிமையாளருக்கு இரண்டும் ஒரே பையிலிருந்துதான் போகின்றன என்பதையும் மறுக்க முடியாது.

வசூல் செலவைவிட அதிகமாகிவிட்டால்?

கட்டணம் குறைய வேண்டும். மவுன்டன் வியூ நகரில் 2016இல் வாடகைச் சட்டம் நிறைவேறியபின் முதலில் விதிக்கப்பட்ட கட்டணம் வீட்டுக்கு 155 டாலர். திட்டம் நிலைபெற்றதும் அடுத்த ஆண்டுகளில் அது இறங்கியது. எதிர்பாராத வழக்குச் செலவுக்காக ஓரளவு இருப்பு வைத்துக்கொள்வது ஏற்கத்தக்கதே. அந்தப் பணத்தை எடுத்துச் சாலை போடுவது ஏற்கத்தக்கதன்று.

உரிமையாளர் இதைக் குடியிருப்பவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாமா?

ஊருக்கு ஊர் விடை மாறும் கேள்வி இது. சண்டைகளில் பாதி இதைச் சுற்றியே நடக்கிறது.

ரிச்மண்டிலும் மவுன்டன் வியூவிலும் வாங்கக் கூடாது. முழுத் தொகையும் உரிமையாளருடையது. சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், லாஸ் ஏஞ்சலிஸ், சான்டா மோனிக்கா ஆகியவற்றில் பாதியை வாங்கலாம். அந்தப் பாதியை வாங்கும் முறையும் ஒன்றுபோல் இல்லை. சான்டா மோனிக்காவில் 228 டாலரின் பாதி பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரிந்து மாதம் 9.50 டாலராக வாடகையோடு வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 38.75 டாலரின் பாதி மாதத்துக்கு 1.61 டாலர், ஒரு காப்பிக் காசுகூட இல்லை, ஆனாலும் அது வாடகையில் சேராத தனித் தொகை. ஓக்லண்டில் உரிமையாளர் உரிய காலத்துக்குள் கட்டியிருந்தால்தான் பாதியைக் குடியிருப்பவரிடம் கேட்க முடியும். தாமதத்துக்கான அபராதம் அவருடையதே.

சான் பிரான்சிஸ்கோவின் விதி சற்று வேடிக்கையானது. நவம்பர் 1 அன்று யார் குடியிருக்கிறாரோ அவரிடம்தான் அந்த ஆண்டின் பாதித் தொகையை வாங்கலாம். ஒருவர் பதினொரு மாதம் குடியிருந்து அக்டோபர் 31 அன்று சாவியை ஒப்படைத்தால் அவருக்குப் பங்கில்லை. மறுநாள் காலை அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்குபவருக்கு 29.50 டாலர் கேட்டு ஒரு காகிதம் வரலாம். அநியாயம் போலத் தோன்றினாலும், பல ஆயிரம் குடிமாற்றங்கள் நடக்கும் ஊரில் மாதக்கணக்கில் பிரித்துக் கணக்குப் பார்ப்பதைவிட ஒரே நாளைக் குறித்துவிடுவது சச்சரவைக் குறைக்கிறது.

பாதி பாதி என்ற ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் நியாயம், வாரியத்தின் சேவையை இரு தரப்பும் பயன்படுத்துகின்றன என்பது. முழுவதும் உரிமையாளரே என்பதற்கான நியாயம், ஒழுங்குபடுத்தப்படுவது அவருடைய தொழில், உணவகம் நடத்துபவர்தானே சுகாதார உரிமக் கட்டணத்தைக் கட்டுகிறார் என்பது. இரண்டாவது வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. என்றாலும் மாதம் ஒன்றரை டாலருக்காக ஒரு நகரம் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நிற்பதைவிட, பாதியை ஒப்புக்கொண்டு திட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் அறிவுடைமைதான்.

யாருக்கெல்லாம் விலக்கு உண்டு?

சட்டத்தின் கீழ் வராத வீடுகளுக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1979 ஜூன் 13க்குப் பிறகு குடியேறும் சான்றிதழ் பெற்ற கட்டடங்களுக்கு வாடகை உச்சவரம்பு பொருந்தாது; லாஸ் ஏஞ்சலிஸில் அந்தக் கோடு 1978 அக்டோபர் 1. ஆனால் உச்சவரம்பு பொருந்தாததாலேயே கட்டணமும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சான்டா மோனிக்காவில் உரிமையாளரே குடியிருக்கும் வீடு, குறைந்த வருமானமுள்ள முதியவரோ மாற்றுத்திறனாளியோ குடியிருக்கும் வீடு போன்றவற்றுக்கு விண்ணப்பித்தால் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறலாம்.

பெர்க்லியில் பொன் இரட்டை வீடு என்று ஒரு வகை உண்டு. இரண்டே வீடுகள் உள்ள கட்டடத்தில், 1979 டிசம்பர் 31 அன்று ஒன்றில் அன்றைய உரிமையாளர் குடியிருந்திருக்க வேண்டும்; இன்றைய உரிமையாளரும் அங்கே குடியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மற்றொரு வீடு சட்டத்துக்கு வெளியே நிற்கும். பெர்க்லியில் இரட்டை வீடு வாங்கப் போகிறவர் சமையலறைத் தளக்கற்களைப் பார்ப்பதற்கு முன் விசாரிக்க வேண்டிய சங்கதி இது.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

பெர்க்லியில் ஜூலை 1 கெடு. தவறினால் நூறு சதவீத அபராதம், அதாவது கட்டணம் இரட்டிப்பாகிறது. ஆனால் உண்மையான கடிவாளம் அபராதம் அல்ல. பதிவு செய்யாத, கட்டணம் செலுத்தாத உரிமையாளருக்கு ஆண்டு வாடகை உயர்வு கிடையாது. சான் பிரான்சிஸ்கோவும் இதே வழிக்கு வந்திருக்கிறது: பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களுக்கு 2022 ஜூலை 1 முதலும், சிறியவற்றுக்கு 2023 மார்ச் 1 முதலும், வீட்டு விவரங்களை வாரியத்திடம் ஒப்படைத்து உரிமம் பெற்றால்தான் ஆண்டு உயர்வைச் சுமத்தலாம். 30 டாலரைச் சேமிக்க நினைத்து மாதம் 60 டாலர் உயர்வை இழப்பவர் கணக்குத் தெரியாதவர்.

சட்டம் புதிதாக வந்த ஆண்டில் கட்டணமே வசூலாகியிருக்காதே, அலுவலகம் எப்படி நடக்கும்?

நகரம் கைமாற்றாகத் தருகிறது. 2016 நவம்பரில் மவுன்டன் வியூவிலும் ரிச்மண்டிலும் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டங்களில், கட்டணம் நடைமுறைக்கு வரும்வரை தேவையான பணத்தை நகரம் முன்பணமாகத் தர வேண்டும், பின்னர் வாரியத்திடமிருந்து திரும்பப் பெறலாம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. மவுன்டன் வியூவில் கூடவே ஒரு வழக்கும் வந்து, நீதிமன்றத் தடை 2017 ஏப்ரலில்தான் விலகியது. முதல் கட்டணம் ஏன் கூடுதலாக இருந்தது என்பதற்கு இந்தத் தொடக்கக் கடன் ஒரு விளக்கம்.

கடைசியில் இந்தக் கட்டணம் வாடகையில்தானே ஏறும்?

கட்டுப்பாடு உள்ள வீட்டில், அதே குடியிருப்பாளர் தொடரும்வரை, அனுமதித்த பங்கைத் தாண்டி ஏற முடியாது. உச்ச வாடகை என்பதன் பொருளே அது. காலியான வீட்டுக்கு உரிமையாளர் சந்தை தாங்கும் விலையைக் கட்டணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்கத்தான் போகிறார். மாதம் 2,500 டாலர் வாடகை வாங்கும் வீட்டின் ஆண்டு வருமானம் 30,000 டாலர். அதில் 228 டாலர் என்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வாடகை வருமானத்துக்கான செலவு என்ற முறையில் அதை வருமான வரிக் கணக்கிலும் பொதுவாகக் கழித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு எல்லாரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாக ஒரே குடும்பம் 800 டாலர் வாடகையில் இருக்கும் வீட்டுக்கும், நேற்று 3,500 டாலருக்கு விட்ட வீட்டுக்கும் கட்டணம் ஒன்றுதான். நீண்ட காலமாக மலிவு வாடகையில் விட்டிருக்கும் சிறு உரிமையாளருக்கு இது உறுத்துகிறது, அந்த உறுத்தலில் நியாயம் இருக்கிறது. வாடகையை ஒட்டிக் கட்டணத்தை ஏற்றியிறக்கினால் தீருமே என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் செலவோடு உள்ள தொடர்பு அறுந்து, அது வரிபோல ஆகிவிட்டது என்று நீதிமன்றத்தில் வாதிட இடம் கிடைத்துவிடும்.

கட்டணமோ பதிவேடோ இல்லாமல் வாடகைக் கட்டுப்பாடு இயங்க முடியாதா?

இயங்குகிறது, எப்படி என்பதைப் பார்க்கலாம். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கலிபோர்னிய மாநிலச் சட்டம், பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெரும்பாலான அடுக்ககங்களில் ஆண்டு உயர்வை ஐந்து சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்ந்த அளவுக்குள், அதிலும் பத்து சதவீதத்துக்கு மிகாமல் நிறுத்துகிறது. அதற்குக் கட்டணம் இல்லை, வீட்டுப் பதிவேடு இல்லை, மனு வாங்கும் வாரியமும் இல்லை. பதினான்கு சதவீதம் உயர்த்திக் கடிதம் வந்தால், அது சட்டமீறல் என்று குடியிருப்பவரே தெரிந்துகொண்டு, அவரே கடிதம் எழுதி, உரிமையாளர் மசியாவிட்டால் அவரே நீதிமன்றம் போக வேண்டும். வேலை விசாவில் இருக்கும் ஒருவர் வீட்டு உரிமையாளர் மீது வழக்குப் போடத் துணிவாரா என்று அந்த நிலையில் உள்ள எவரையும் கேட்டுப் பாருங்கள்.

இது கலிபோர்னியாவில் மட்டுமா?

இல்லை. நியூயார்க் நகரில் வாடகை நிலைப்படுத்தல் சட்டத்தின் கீழ் உள்ள வீடுகளுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. 2019இல் அது வீட்டுக்கு 10 டாலரிலிருந்து 20 டாலரானது. அங்கே சட்டத்தை நடத்துவது மாநில அரசின் துறை.

தமிழ்நாட்டில் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இப்படி ஏதும் கேள்விப்பட்டதில்லையே?

1960ஆம் ஆண்டின் சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்க வழக்குப் போட வேண்டும், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி தீர்ப்புச் சொல்வார். வழக்கு வராத வீட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லா வாடகை வீடுகளையும் எண்ணி, கட்டணம் வாங்கி, பதிந்துவைக்கும் அலுவலகம் அங்கே இருக்கவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் அது ஒப்பந்தத்தின் பதிவு, உச்ச வாடகையின் பதிவு அன்று.

வாடகைச் சீட்டில் இந்தக் கட்டணம் திடீரென்று வந்தால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் ஊரில் அதைக் குடியிருப்பவரிடம் வாங்க அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அனுமதி உண்டு என்றால், தொகை அந்த ஆண்டுக் கட்டணத்தின் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. முழுக் கட்டணத்தையும் கேட்கும் ஓக்லண்ட் உரிமையாளர் ஒன்றில் அறியாமல் கேட்கிறார், இல்லை அறிந்தே கேட்கிறார். அடுத்து, அது அடிப்படை வாடகையோடு கரைந்துவிடாமல் தனித் தொகையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரைந்துவிட்டால் அடுத்த ஆண்டின் சதவீத உயர்வு அதன்மீதும் கணக்கிடப்படும், பத்து ஆண்டுகளில் அது வளர்ந்திருக்கும். ஐயம் தீரவில்லையென்றால் வாரியத்தைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் முகவரிக்கு இந்த ஆண்டுக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா, பதிவேட்டில் உள்ள வாடகை எவ்வளவு என்று கேளுங்கள்.